ஆம்பியர் குறைந்தது, யூனிட் குறையவில்லை: ஒரு கிணற்று மோட்டாரைச் சரிசெய்த பதிவு

குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் இடையே, சாலையை விட்டுச் சற்று உள்ளே இறங்கினால் வரும் ரப்பர் விளைகளின் நடுவில் என் பெரியம்மையின் வீடு இருக்கிறது. வீடு மேட்டில், கிணறு கீழே வாழை நிற்கும் பள்ளத்தில். இரண்டுக்கும் இடையே வயர் போகும் வழியை நாடா பிடித்து அளந்தபோது 85 மீட்டர் வந்தது. கிணற்றடியில் இருப்பது ஒரு குதிரைத்திறன் கொண்ட பழைய சிங்கிள் பேஸ் மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கும் வகை). சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கிறது. பகலில் ஒருவிதமாக ஓடிக்கொண்டிருந்த இந்த மோட்டார், ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மாலை வேளைகளில் கிளம்ப மறுத்தது. "மக்களே, மோட்டார் கிடந்து முனங்குதே தவிர வெள்ளம் ஏறேல்ல" (எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்) என்று பெரியம்மை தொலைபேசியில் சொன்னபோதே, இது கப்பாசிட்டரின் (மின்தேக்கியின்) கோளாறாக இருக்கலாம் என்று தோன்றியது. அது பாதி உண்மையாகவே முடிந்தது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதல் ஞாயிற்றுக்கிழமை கையில் கொண்டுபோனவை ஒரு மல்டிமீட்டர், 100 வாட் குண்டு பல்பு ஒன்று, அதற்கான ஹோல்டர், சில துண்டு வயர்கள். இவற்றோடு, ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் இரவல் வாங்கிய டாங் டெஸ்டர். வயரை அறுக்காமல், தாடையைத் திறந்து வயரைச் சுற்றிப் பிடித்தாலே எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும் அந்தக் கருவி இல்லாவிட்டால் இந்தப் பதிவே இல்லை.

மோட்டாரின் தலையில் இருந்த கப்பாசிட்டர், கிளம்பும் நொடியில் மட்டும் வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. சிங்கிள் பேஸ் மின்சாரம் ஒரு சுருளில் தனியாகப் பாயும்போது காந்தப்புலம் எழுந்து அடங்குமே தவிர சுழலாது. சுழற்சி கிடைக்க வேண்டுமானால், இரண்டாவது சுருள் ஒன்றில் பாயும் மின்னோட்டம் முதல் சுருளின் மின்னோட்டத்தோடு ஒரே வேளையில் ஏறி இறங்காமல் முன்னே ஓட வேண்டும். அந்த முன்னோட்டத்தைக் கொடுப்பது கப்பாசிட்டர். மோட்டார் வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் ஒரு சுவிட்ச் அதைத் தானாகத் துண்டித்துவிடுகிறது. கப்பாசிட்டரின் கொள்ளளவு குறைந்துபோனால் முன்னோட்டமும் குறையும், திருப்பு விசையும் குறையும். மோட்டார் பெரியம்மை சொன்னதைப் போல முனங்கிக்கொண்டு நிற்கும்.

உறையில் அதன் கொள்ளளவு 100 முதல் 120 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது. என் மல்டிமீட்டரில் கப்பாசிட்டரை அளக்கும் வசதி இல்லை. ஆகவே அதைக் குண்டு பல்போடு தொடராக இணைத்து, சில நொடிகள் மட்டும் வீட்டு மின்சாரத்தில் வைத்து அளந்தேன். (கிளம்பும் கப்பாசிட்டர் நீண்ட நேரம் மின்சாரத்தில் இருக்கக் கட்டப்பட்டதன்று, சூடாகி வெடிக்கக்கூடும். அளந்து முடித்ததும் அதன் இரு முனைகளையும் தனி பல்பு ஒன்றின் வழியே இணைத்து, உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டத்தை இறக்கிய பிறகே கையால் தொட வேண்டும்.) சப்ளை 226 வோல்ட். பல்பின் இரு முனைகளுக்கிடையே 224 வோல்ட். கப்பாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே 28.5 வோல்ட். மின்னோட்டம் 0.43 ஆம்பியர்.

இந்த எண்களைப் பார்த்த பெரியம்மையின் பேரன், பதினொன்றாம் வகுப்பு மாணவன், உடனே கேட்ட கேள்வி சரியான கேள்வி: 224-ஐயும் 28.5-ஐயும் கூட்டினால் 252.5 ஆகிறதே, வீட்டுக்கு வருவதே 226 தானே, மீதி எங்கிருந்து வந்தது? மீட்டரில் பிழை இல்லை. பல்பில் வோல்ட்டேஜும் மின்னோட்டமும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குகின்றன. கப்பாசிட்டரில் மின்னோட்டம் உச்சத்தைத் தொட்டுக் கால் சுற்று கழிந்த பிறகே வோல்ட்டேஜ் உச்சத்தைத் தொடுகிறது. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது சுழியில் இருக்கிறது என்பதால் இவற்றை நேராகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 224-இன் வர்க்கத்தையும் 28.5-இன் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 226 வருகிறது. பையன் தன் நோட்டில் இரண்டு முறை போட்டுப் பார்த்தான். மாறுதிசை மின்சாரத்தின் கணக்கு முழுவதும் இந்த ஒரு முக்கோணத்துக்குள் அடங்கியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இனி இந்தப் பதிவில் வரும் ஒவ்வொரு வியப்புக்கும் விடை இதுதான்.

28.5 வோல்ட்டை 0.43 ஆம்பியரால் வகுத்தால் 66 ஓம். இது மின்தடை அன்று, கப்பாசிட்டரின் மின்மறுப்பு. மின்தடை வழியே போகும் மின்சாரம் வெப்பமாகி அழிகிறது. மின்மறுப்பு வழியே போகும் மின்சாரம் ஒரு கால் சுற்றில் உள்ளே சேமிக்கப்பட்டு, அடுத்த கால் சுற்றில் வந்த வழியே திரும்பிவிடுகிறது. 50 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு என்பது 1-ஐ 314 மடங்கு கொள்ளளவால் வகுத்தால் வருவது; ஆகவே 66 ஓமுக்கு உரிய கொள்ளளவு 48 மைக்ரோஃபாரட். நூறுக்கு மேல் இருக்க வேண்டியது பாதிக்கும் கீழே போயிருந்தது. தக்கலையிலிருந்து வாங்கிவந்த புதியதை அதே முறையில் அளந்தபோது 12.5 வோல்ட்டும் 0.43 ஆம்பியரும் காட்டி, 109 மைக்ரோஃபாரட் என்று கணக்கு வந்தது. அதைப் போட்டதும் மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது. நானும் ஊர் திரும்பினேன்.

இரண்டு நாளில் மறுபடியும் அழைப்பு வந்தது. பகலில் குறையில்லை, மாலை ஏழு மணிக்கு அதே முனகல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலைவரை அங்கேயே இருந்து அளந்தேன். எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் அந்த நேரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் இந்த வீட்டுக்கு 205 வோல்ட்தான் வந்தது. மோட்டாரைப் போட்ட நொடியில் டாங் டெஸ்டர் 32 ஆம்பியரைத் தொட்டது. கிணற்றடியில் மல்டிமீட்டரோடு நின்ற பையன், "150" என்று கீழே இருந்து கத்தினான். திருப்பு விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குக் கட்டப்பட்ட மோட்டாருக்கு 150 கிடைத்தால் விசை பாதிகூட இராது.

வழியில் 55 வோல்ட்டை விழுங்கியது எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். மெயினை அணைத்து, கிணற்றடி முனையில் இரு வயர்களையும் முறுக்கிச் சேர்த்து, வீட்டு முனையில் அளந்தால் போகவும் வரவுமாக 170 மீட்டருக்கு 2.1 ஓம் காட்டியது. (மல்டிமீட்டரின் சொந்த வயர்கள் காட்டும் 0.2 ஓமைக் கழித்த பிறகு வந்த கணக்கு இது.)

இங்கே என் மனத்தில் ஒரு குறுக்கு வழி தோன்றியது. புதிய வயர் வாங்கினால் ஆயிரக்கணக்கில் செலவு. அதற்குப் பதிலாக மோட்டாரின் தலையில், ஓடும்போதும் இணைந்தே இருக்கும் வேறொரு கப்பாசிட்டரைப் போட்டால் வயரில் ஓடும் ஆம்பியர் குறையுமே, ஆம்பியர் குறைந்தால் வோல்ட்டேஜ் வீழ்ச்சியும் குறையுமே என்று நினைத்தேன். சித்தப்பா மகனும் இதை ஆதரித்தான். "அண்ணா, எங்க பழைய காற்றாலையும் இந்த மோட்டாரும் ஒரே இனம்தான். கரண்டு கொடுக்கிற மிஷினே காந்தம் உண்டாக்க லைன்ல இருந்து கரண்டு வாங்கும். அதுக்குத்தான் டவர் அடியில கப்பாசிட்டர் வரிசையா வச்சிருக்கோம்" என்றான். அவன் சொன்னது உண்மை. தூண்டல் வகை ஜெனரேட்டர் கொண்ட காற்றாலைகள் மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போதும் தங்கள் காந்தப்புலத்துக்கான மின்னோட்டத்தை மின்தொகுப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆனால் நான் அவன் சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவில் ஒரு பிழை இருந்தது. அளந்து பார்த்த பிறகே அது தெரிந்தது.

கப்பாசிட்டர் போடுவதற்கு முன் நிலவரத்தைப் பகலில் முழுமையாக எழுதி வைத்தேன். மோட்டார் ஓடும்போது வீட்டில் 220 வோல்ட், 8.0 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1760. இது தோற்றத் திறன் மட்டுமே. உண்மையில் எத்தனை வாட் செலவாகிறது என்பதை மின்வாரிய மீட்டரே சொல்லும். எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டில் மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு எண்ணினால், நிமிடத்துக்கு 62 முறை சிவப்பு விளக்கு சிமிட்டியது. 62-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 1.16 கிலோவாட், அதாவது 1162 வாட். 1760-இல் 1162 என்பது 0.66. இதுவே திறன் காரணி. எட்டு ஆம்பியர் வயரில் ஓடினாலும், அதில் வேலைக்குரிய பங்கு 5.3 ஆம்பியர் மட்டுமே. அதற்குச் செங்கோணத்தில் இன்னொரு 6 ஆம்பியர், மோட்டாருக்குள் காந்தப்புலத்தை எழுப்பப் போய், புலம் அடங்கும்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறது. புலம் நொடிக்கு நூறு முறை எழுந்து அடங்குகிறது. நாகர்கோவிலிலிருந்து குலசேகரத்துக்கு நிறைந்து வரும் பேருந்தில் ஒருவர்கூட இறங்காமல் அப்படியே திரும்பிப் போனால் ஊருக்கு ஆள் வந்த கணக்கில்லை. ஆனால் டீசல் எரிந்தது எரிந்ததுதான். வேலை செய்யாத இந்த மின்னோட்டமும் அப்படியே. மோட்டாரில் வேலையாக மாறாவிட்டாலும், போகும்போதும் வரும்போதும் 2.1 ஓம் வயரைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. எட்டின் வர்க்கத்தை 2.1-ஆல் பெருக்கினால் 134 வாட். ஒரு குண்டு பல்புக்கு மேல் எரியும் அளவு வெப்பம் அந்த வயரின் நீளம் முழுவதும் வீணாகிக்கொண்டிருந்தது.

மோட்டார் முனையில் 209 வோல்ட் இருந்தது. இந்த எண்ணை அப்போதே உற்றுக் கவனித்திருக்க வேண்டும். 8 ஆம்பியரை 2.1 ஓமால் பெருக்கினால் ஏறத்தாழ 17 வோல்ட் வீழ்ந்திருக்க வேண்டும். வீழ்ந்ததோ 11 மட்டும்.

கப்பாசிட்டரைத் தேர்ந்தெடுத்த கணக்கு இது: வயரின் 134 வாட் போக மோட்டார் எடுப்பது ஏறத்தாழ 1028 வாட். முக்கோணத்தின் மற்றப் பக்கம், அதாவது போய்த் திரும்பும் திறன், 1320. திறன் காரணியை 0.95-க்கு உயர்த்த அதில் 980 அளவை மோட்டாரின் பக்கத்திலேயே கப்பாசிட்டர் கொடுக்க வேண்டும். 209 வோல்ட்டில் அதற்கு 72 மைக்ரோஃபாரட் வேண்டும். நீர்மூழ்கி மோட்டார் பெட்டிகளில் போடும், தொடர்ந்து ஓடுவதற்கான 440 வோல்ட் வகையில் 36 மைக்ரோஃபாரட் இரண்டை வாங்கிப் பக்க இணைப்பில் சேர்த்தேன். கிளம்பும் கப்பாசிட்டரை இந்த வேலைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. திறன் காரணியை முழுதாக 1-க்குக் கொண்டுபோக ஆசைப்படுவதும் கூடாது. மோட்டாரின் காந்த மின்னோட்டத்துக்குச் சமமாகவோ மிகுதியாகவோ கப்பாசிட்டர் இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே ஜெனரேட்டராக மாறி, முனைகளில் வோல்ட்டேஜைத் தாங்கி நிற்கக்கூடும். கப்பாசிட்டரின் முனைகளுக்கிடையே 100 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் போட்டேன். மின்சாரம் போன பிறகு கால் நிமிடத்துக்குள் மின்னூட்டத்தை அது பாதுகாப்பான அளவுக்கு இறக்கிவிடும்.

இணைத்து ஓடவிட்டதும் டாங் டெஸ்டர் காட்டியது 5.2 ஆம்பியர். எட்டிலிருந்து ஐந்துக்கு வந்ததைப் பார்த்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கிணற்றடிக்கு ஓடிப்போய் வோல்ட்டேஜை அளந்தேன். 209-இலிருந்து 210-ஐக்கூட முழுதாகத் தொடவில்லை. மாலையில் சோதித்தால் மோட்டார் முன்போலவே முனங்கியது.

அன்றிரவு தாளில் வரைந்து பார்த்த பிறகுதான் பொருள் விளங்கியது. பல்பும் கப்பாசிட்டரும் காட்டிய அதே முக்கோணம் இங்கும் இருக்கிறது. வயரில் இருப்பது பெரும்பாலும் வெறும் மின்தடை. வேலைக்குரிய மின்னோட்டம் அதில் உண்டாக்கும் வீழ்ச்சி சப்ளை வோல்ட்டேஜோடு ஒரே நேர்கோட்டில் நின்று, முழுதாகக் கழிகிறது. காந்தத்துக்கான மின்னோட்டம் உண்டாக்கும் வீழ்ச்சி செங்கோணத்தில் நிற்கிறது, 12.6 வோல்ட் அளவுக்கு இருந்தாலும், 220-இன் பக்கத்தில் செங்கோணமாக வைக்கும்போது அதன் பாதிப்பு அரை வோல்ட்கூட இல்லை. எட்டு ஆம்பியருக்கு 17 வோல்ட் வீழாமல் 11 வீழ்ந்ததன் காரணமும் அதுவே. கப்பாசிட்டர் நீக்கியது அந்தச் செங்கோணப் பகுதியை மட்டும்; நேர்கோட்டுப் பகுதி அப்படியே இருக்கிறது. உயரழுத்த லைன்களில் கப்பாசிட்டர் வைத்தால் வோல்ட்டேஜ் உயர்வதற்குக் காரணம், அந்தக் கம்பிகளிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் மின்தடையைக் காட்டிலும் மின்மறுப்பு மிகுதி. அங்கே செங்கோணங்கள் இடம் மாறிக்கொள்கின்றன. அந்த விதியை இந்த ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயருக்குப் பொருத்தியதே என் பிழை.

ஆனால் கப்பாசிட்டர் வீண் போகவில்லை. மீட்டர் சிமிட்டலை எண்ணினால் 62-க்குப் பதில் 58. வயரின் வெப்ப இழப்பு 134 வாட்டிலிருந்து 57-க்குக் குறைந்திருக்கிறது. அந்த வித்தியாசம்தான் நான்கு சிமிட்டலாகத் தெரிகிறது.

இதை வைத்து ஒரு சோதனை செய்யத் தோன்றியது. இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். அதே இரண்டு கப்பாசிட்டர்களையும் கிணற்றடியிலிருந்து கழற்றி, வீட்டில் மீட்டருக்கு அருகே, மோட்டார் வயர் புறப்படும் இடத்தில் இணைத்தேன். மெயின் வயரில் டாங் டெஸ்டர் 5.4 ஆம்பியர் காட்டியது. கிணற்றுக்குப் போகும் வயரில் 8.0. சிமிட்டல் 62. ஆம்பியர் குறைந்தது, யூனிட் ஒரு சிமிட்டல்கூடக் குறையவில்லை. மீட்டர் வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் கணத்துக்குக் கணம் பெருக்கிச் சராசரி எடுக்கிறது. போய்த் திரும்பும் திறன் அந்தச் சராசரியில் தானே கழிந்துவிடுகிறது. கப்பாசிட்டர் மீட்டருக்கு அருகே இருந்தால், மிச்சப்படுத்துவது மீட்டருக்கு வெளியே தெருவில் இருக்கும் கம்பியின் வெப்பத்தை மட்டுமே.

இதைச் சொல்லும்போது பெரியம்மை அலமாரியிலிருந்து ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்தார். ப்ளக்கில் செருகினால் கரண்டு பில் பாதியாகும் என்று சொல்லி, வீடு வீடாக வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போனது. திறந்து பார்த்தால் உள்ளே 5 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றும், பச்சை விளக்கும் அதற்கான சில சில்லறைப் பாகங்களும். அதன் மின்னோட்டம் மூன்றில் ஒரு ஆம்பியர். விற்பவர்கள் டாங் டெஸ்டரைப் பிடித்துக் காட்டி ஆம்பியர் இறங்குவதை நிரூபிக்கிறார்கள். அந்த எண் பொய்யன்று. அதிலிருந்து அவர்கள் சொல்லும் முடிவுதான் பொய். வீட்டு இணைப்புக்குத் திறன் காரணியை வைத்துக் கட்டணம் கிடையாது, யூனிட்டுக்குத்தான் கட்டணம். உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளுக்கு நிலைமை வேறு. அவை 0.90-க்குக் கீழே போனால் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதால், அங்கே கப்பாசிட்டர் மெய்யாகவே காசை மிச்சப்படுத்துகிறது. முதிய பெண்மணி ஒருவர் ரப்பர் ஷீட் விற்ற பணத்தில் இதை வாங்கியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, செய்ய வேண்டியதைச் செய்தேன். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், குழாய்க்குள் விட்டு, வெட்டுக்கல் கட்டின் ஓரமாக மண்ணில் புதைத்தது. தடை 2.1 ஓமிலிருந்து 0.8-க்கு வந்தது. கப்பாசிட்டர்களை மறுபடி கிணற்றடிக்கே கொண்டுபோனேன். அன்று மாலையும் வீட்டில் 205 வோல்ட்தான். ஆனால் கிளம்பும் நொடியில் மோட்டார் முனையில் 180-க்குக் குறையவில்லை. 150-இலிருந்து 180 என்றால் திருப்பு விசை 1.44 மடங்கு. மோட்டார் ஒரு நொடி தயங்கிவிட்டுக் கிளம்பியது, தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை வீட்டின் பின்புறம் கேட்டது. மறுநாள் பகலில் மோட்டார் முனையில் 216 வோல்ட், வயரில் 5.3 ஆம்பியர், சிமிட்டல் 56.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு ஆறு சிமிட்டல் மிச்சம், நாளொன்றுக்கு நாற்பது நிமிட ஓட்டம். இரண்டு மாதப் பில்லுக்கு நாலரை யூனிட். வயரின் விலையை இது எந்தக் காலத்திலும் ஈடுகட்டாது. இந்தச் செலவு மாலையில் தண்ணீர் ஏறுவதற்காகச் செய்தது.

கப்பாசிட்டர்களைச் சுவரில் அடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, எறும்பும் பல்லியும் புகாதபடி வயர் நுழையும் துளைகளை அடைத்திருக்கிறேன். மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் "216 வோல்ட், 4.9 ஆம்பியர்" என்று எழுதியிருக்கிறேன், கப்பாசிட்டருக்குப் போகும் வயரில் மட்டும் டாங் டெஸ்டரைப் பிடித்தால் வர வேண்டிய எண் அது. ஆண்டுக்கொருமுறை, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் பையன் அதை அளக்க வேண்டும். அதே வோல்ட்டேஜில் 4.4-க்குக் கீழே வந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.